ஆங்கிலத்தின் 'உளறல்' சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஏற்றுமதி நிறுவனங்களில் கடிதம் எழுதுகிறவர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள், மொழிபெயர்ப்புக்குத் தயாராகும் இளைஞர்கள் எனப் பலரும் வருகிறார்கள். எந்த அணி வந்தாலும் 'நான்சென்ஸ்' பற்றிய பேச்சு ஒருநாள் வந்தே தீரும். அந்தச் சொல்லும் அதன் உறவுக்காரச் சொற்களும் தமிழர்களை அடிக்கடி சிக்கலில் மாட்டிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் 'உளறல்' என்றே அகராதி பொருள் சொல்கிறது. பேச்சில் என்ன குறை, எதிரே இருப்பவர் யார் என்ற இரண்டையும் பார்த்துத்தான் ஆங்கிலேயர் சொல்லை எடுக்கிறார்கள். அகராதியில் இது கிடைக்காது. வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

'நான்சென்ஸ்' வசைச்சொல்லா? அலுவலகத்தில் பயன்படுத்தலாமா?

வசைச்சொல் இல்லை. நாளிதழ்த் தலையங்கத்திலும் வரும், பாட்டி பேரனிடம் பேசும்போதும் வரும். ஆறுதலாகக்கூடச் சொல்வார்கள். விருந்துக்குப் போன இடத்தில் "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துவிட்டேன்" என்று நீங்கள் சொன்னால், வீட்டுக்காரம்மா "நான்சென்ஸ்!" என்பார். நம் ஊரில் "அட, என்ன பேச்சு இது!" என்று அன்பாக அதட்டுவதும் அதுவும் ஒன்றே.

முகம் பார்த்துப் பேசும்போது அந்தச் சொல்லுக்குச் சிரிப்பும் குரலும் துணை நிற்கும். கடிதத்தில் அந்தத் துணை கிடையாது.

என் மாணவர் ஒருவர் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்தார். லண்டனில் இருந்த வாடிக்கையாளர் (அவர்கள் பேச்சில் 'பையர்') சரக்கு தாமதமாக வந்ததாகச் சொல்லி, விலையில் ஒரு பகுதியைப் பிடித்தம் செய்யப்போவதாக எழுதினார். தாமதத்துக்குக் காரணம் பையரேதான். சாயத்தின் நிறத்தைக் காட்டும் துணித்துண்டுக்கு, அதாவது லேப் டிப்புக்கு, அவர் மூன்று வாரம் ஒப்புதல் தராமல் வைத்திருந்தார். கோபப்பட மாணவருக்கு முழு நியாயம் இருந்தது. "யுவர் கிளெய்ம் இஸ் நான்சென்ஸ்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டார். மறுநாள், இனிமேல் உங்கள் மேலாளர் மட்டும் எங்களுக்கு எழுதட்டும் என்று பையரிடமிருந்து பதில் வந்தது. லேப் டிப் பேச்சே அதில் இல்லை. நியாயம் இவர் பக்கம் இருந்தும், பேச்சு இவருடைய மரியாதைக்குறைவைப் பற்றியதாக மாறிவிட்டது.

"இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை" என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. ஆங்கிலத்தில் அதற்கு "திஸ் டஸ் நாட் மேக் சென்ஸ் டு மீ" என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டிலும் 'சென்ஸ்' இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டார். 'எனக்குப் பிடிபடவில்லை' என்னும்போது விளக்கம் கேட்கிறோம். 'நான்சென்ஸ்' என்னும்போது தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலும் போதும், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

'நீ ஒரு நான்சென்ஸ்' என்று ஆளைச் சொல்லலாமா?

கூடாது. சொன்னால் ஆங்கிலேயருக்குப் புரியாது. பேச்சையும் எண்ணத்தையும் செயலையும்தான் அந்தச் சொல் குறிக்கும், ஆளைக் குறிக்காது. நம் நாட்டில் ஆளைத் திட்டுவதற்கு அது பழகிவிட்டது. 'நியூசென்ஸ்' என்ற வேறொரு சொல்லோடு கலந்துவிட்டதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

'நியூசென்ஸ்' என்றால் தொல்லை. பிரெஞ்சு மொழியில் 'தீங்கு செய்தல்' என்னும் வினையிலிருந்து வந்தது. 'சென்ஸ்' என்ற ஒலி தற்செயலாக அமைந்ததே தவிர, அறிவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தச் சொல்லை ஆளுக்கும் சொல்லலாம், கொசுவுக்கும் சொல்லலாம். சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. பொதுத்தொல்லை என்னும் 'பப்ளிக் நியூசென்ஸ்' பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 268-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 270-ஆம் பிரிவில் இருக்கிறது. சுவரில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்க நம் நாட்டில் 'கமிட் நோ நியூசென்ஸ்' என்று எழுதிவைப்பார்களே, அந்த நியூசென்ஸ் இதுதான். அந்த இடத்தில் 'நான்சென்ஸ்' என்று எழுதினால் பொருளே போய்விடும்.

'எ நான்சென்ஸ்' என்று எழுதுவது பிழையா?

பொதுவாக இது எண்ணிச் சொல்லும் பெயர் இல்லை. தண்ணீர், மணல் போல 'கொஞ்சம்', 'நிறைய' என்றுதான் அளக்க வேண்டும். 'எ பீஸ் ஆஃப் நான்சென்ஸ்' என்றும், 'எ லோட் ஆஃப் நான்சென்ஸ்' என்றும் சொல்வார்கள். ஆனால் பிரிட்டனில் 'எ நான்சென்ஸ்' என்பதையும் கேட்கலாம். ஒரு விதியையோ திட்டத்தையோ வேறொன்று பொருளற்றதாக ஆக்கிவிட்டால், 'அது இதை எ நான்சென்ஸ் ஆக்கிவிட்டது' என்பார்கள். எனவே அங்கிருந்து வரும் கட்டுரையில் இதைக் கண்டால் திருத்தப் போகாதீர்கள்.

வினையும் முக்கியம். உளறுவதற்கு 'டாக் நான்சென்ஸ்' என்பதே மரபு. 'டெல் நான்சென்ஸ்' என்றால் காதில் உறுத்தும். அழுத்தம் கூட்ட 'அட்டர்', 'அப்சொல்யூட்', 'ஷியர்' ஆகியவற்றில் ஒன்றை முன்னால் சேர்ப்பார்கள். 'வெரி நான்சென்ஸ்' கிடையவே கிடையாது.

ஒரு பேச்சு புரியவே இல்லை என்றால் எந்தச் சொல்?

புரியாமையிலும் வகைகள் உண்டு.

வந்து விழும் ஒலிகள் சொற்களாகவே இல்லையென்றால் 'ஜிபரிஷ்'. காய்ச்சலில் பிதற்றுவதும், கைபேசியில் குழந்தை தட்டிவைத்த எழுத்துக் குவியலும், தவறான எழுத்துருவில் திறந்த தமிழ்க் கோப்பும் இதில் அடங்கும். பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிற சொல். 1755-இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அரபு ரசவாதி ஜாபிரின் பெயரிலிருந்து இது வந்திருக்கலாம் என்று எழுதினார். இன்றைய அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. சளசளவென்று பேசும் ஒலியைப் போலச் செய்த சொல் என்பதே பெரும்பாலோர் கருத்து. நாம் 'தத்துப்பித்து' என்கிறோம் அல்லவா, அதுவும் அப்படிப் பிறந்ததாகத்தான் என் காதுக்குப் படுகிறது.

எல்லாம் அகராதியில் உள்ள சொற்களே, ஆனாலும் சேர்த்துப் படித்தால் தலைசுற்றுகிறது என்றால் 'காபிள்டிகுக்'. இதற்குத் தனிக் கேள்வியே வைத்திருக்கிறேன்.

சடங்கு போலவும் மந்திரம் போலவும் சொல்லி, கேட்பவரை மிரட்டும் பேச்சு 'மம்போ ஜம்போ'. இந்தச் சொல்லை எடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். 1738-இல் வெளியான, காம்பியா ஆற்றுப் பகுதி பற்றிய பிரான்சிஸ் மூர் என்பவரின் பயண நூலில், அங்குள்ள மண்டிங்கா மக்களின் முகமூடி வழக்கத்தைக் குறிக்கும் பெயராக இது வருகிறது. ஐரோப்பியர் தங்களுக்குப் புரியாத ஒரு மக்களின் வழக்கத்தை 'உளறல்' என்று ஆக்கிக்கொண்ட வரலாறு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவர் சமயத்தைப் பற்றிப் பேசும்போது இதைத் தொடவே தொடாதீர்கள் என்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நம் கோயில் மந்திரங்களை ஒருவர் இப்படிச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

'காபிள்டிகுக்' வான்கோழியிலிருந்து வந்த சொல் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பிறந்த ஆண்டு தெரியும், பெற்றவர் பெயரும் தெரியும். அப்படிப்பட்ட சொற்கள் குறைவு.

டெக்சஸைச் சேர்ந்த அரசியல்வாதி மோரி மேவரிக் இரண்டாம் உலகப் போரின்போது சிறு தொழிற்சாலைகளுக்கான போர்க்கால அரசு நிறுவனத்தின் தலைவராக இருந்தார். அவருடைய மேசைக்கு வந்த அலுவலகக் குறிப்புகள் நீளமாகவும் புரியாமலும் இருந்தன. 1944-இல் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சுருக்கமாக எழுதுங்கள், காபிள்டிகுக் மொழியை விடுங்கள் என்றார். 'ஆக்டிவேஷன்', 'இம்ப்ளிமென்டேஷன்' என்ற சொற்களைப் பயன்படுத்துகிறவர் சுடப்படுவார் என்றும் அதில் எழுதினார். அந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டபோது, தம் ஊர் வான்கோழி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுப்பும் சத்தம் நினைவுக்கு வந்திருக்கலாம் என்று சொன்னார்.

அவருடைய குடும்பம் ஆங்கிலத்துக்கு இன்னொரு சொல்லையும் கொடுத்திருக்கிறது. தாத்தா சாமுவேல் மேவரிக் தம் மாடுகளுக்குச் சூட்டுக்குறி போடாமல் விட்டிருந்தார். குறியில்லாத மாட்டை ஊரார் 'மேவரிக்' என்றார்கள். பிறகு எந்தக் கூட்டத்திலும் சேராமல் தன் போக்கில் போகிறவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

மோரி மேவரிக் கோபப்பட்டது போருக்கு நடுவில், வேலை நடக்க வேண்டிய நேரத்தில். அந்தக் கோபம் எனக்கு முழுவதும் சரியாகப் படுகிறது. புரியாத அரசுக் கடிதம் வெறும் நடைக்குறை ஆகாது. அது ஒருவருடைய ஓய்வூதியத்தையோ பட்டாவையோ தள்ளிப்போடுகிறது. தமிழிலும் இது இருக்கிறது. 'பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது' என்று தொடங்கும் கடிதத்தை ஒரு முதியவர் எனக்கு முன்னால் மூன்று முறை படித்தார். ஆயுள் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுங்கள் என்பதுதான் அதன் செய்தி. அது நான்காம் பத்தியில் இருந்தது. பிரிட்டனில் எளிய ஆங்கிலத்துக்கான இயக்கம் 1979-இல் தொடங்கியது. அமெரிக்காவில் 2010-இல் எளிய நடைக்குச் சட்டமே வந்தது. நமக்கும் அது வேண்டும்.

அரசியல் மேடைப் பேச்சுக்கு எந்தச் சொல் பொருந்தும்?

இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன.

முதலாவது 'பங்க்கம்'. அமெரிக்காவின் வட கரோலினாவில் பங்க்கம் என்றொரு மாவட்டம் உண்டு. 1820-இல் மிசௌரியை மாநிலமாகச் சேர்ப்பது பற்றியும் அங்கே அடிமைமுறை இருக்கலாமா என்பது பற்றியும் நாடாளுமன்றத்தில் நீண்ட விவாதம் நடந்தது. எல்லோரும் வாக்கெடுப்புக்குத் துடித்துக்கொண்டிருந்தபோது, அந்த மாவட்டம் அடங்கிய தொகுதியின் உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர் எழுந்து, விவாதத்துக்கு உதவாத நீண்ட உரையைத் தொடங்கினார். உட்காரச் சொன்னார்கள். தம் உரை அவைக்காக இல்லை, பங்க்கத்துக்காக என்றார். தொகுதி மக்கள் கேட்பதற்காகப் பேசும் வெற்றுப்பேச்சுக்கு அன்றிலிருந்து அந்த ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. அது சுருங்கி 'பங்க்' ஆனது. வரலாறு என்பது பெரும்பாலும் 'பங்க்' என்று ஹென்றி ஃபோர்டு 1916-இல் ஒரு பேட்டியில் சொல்லி வம்பில் மாட்டிக்கொண்டார். 1923-இல் வில்லியம் உட்வர்ட் தம் நாவலில் 'டிபங்க்' என்ற வினையைப் படைத்தார். வாட்ஸ்அப் வதந்திகளை ஆராய்ந்து பொய் என்று காட்டும் வேலையை இன்று 'டிபங்க்' என்கிறோமே, அதன் வேர் அந்த மாவட்டத்தில் இருக்கிறது.

இரண்டாவது 'கிளாப்ட்ராப்'. இது நாடக மேடையில் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாடகங்களில், கைதட்டலைப் பிடிப்பதற்கென்றே ஒரு வசனம் வைப்பார்கள். கைதட்டலுக்கு வைத்த கண்ணி என்று பொருள். கதைக்கு அது தேவையில்லை, அரங்குக்குத் தேவை. பங்க்கத்தில் சரக்கு இல்லை என்று குறை சொல்கிறோம். கிளாப்ட்ராப்பில் கேட்பவரின் உணர்ச்சியைத் தூண்டிப் பிழைக்கும் மலிவைக் குறை சொல்கிறோம்.

கோலி சோடாவுக்கும் 'காட்ஸ்வாலப்' என்ற சொல்லுக்கும் தொடர்பு உண்டா?

என் வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்காரும் கேள்வி இது.

கோலி சோடா பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்நோக்கி நெருக்கியிருப்பார்கள். உள்ளே இருக்கும் வாயு, கோலியை வாயில் உள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்தினால் சத்தத்தோடு கோலி இறங்கி அந்த நெருக்கத்தில் தங்கும். இந்தப் பாட்டிலுக்கு 1872-இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஹைரம் காட். அவர் பெயராலேயே அதை 'காட் பாட்டில்' என்பார்கள். நம் ஊரில் அது கோலி சோடா ஆகி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டனில் பியருக்கு 'வாலப்' என்றொரு பேச்சுவழக்குப் பெயர் உண்டு. காட் பாட்டிலில் வந்த சோடாவைப் பார்த்து, பியர் குடிப்பவர்கள் "இதெல்லாம் காட்டின் வாலப்" என்று இகழ்ந்தார்கள், அதிலிருந்து 'காட்ஸ்வாலப்', அதாவது சரக்கற்ற உளறல், பிறந்தது என்று கதை சொல்வார்கள்.

கேட்க இனிக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை. அந்தச் சொல் எழுத்தில் முதன்முதலாகக் கிடைப்பது 1959-இல், ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் வசனத்தில். காப்புரிமைக்கும் அதற்கும் இடையே எண்பத்தேழு ஆண்டுகள். இவ்வளவு காலம் மதுக்கடைகளில் புழங்கிய சொல்லாக இருந்தால், ஒரு நாளிதழிலாவது ஒரு கடிதத்திலாவது தலைகாட்டியிருக்க வேண்டும். சொற்பிறப்புக் கதைகள் எவ்வளவுக்கு அழகாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்குச் சான்று கேளுங்கள். எனக்கும் இந்தக் கதை உண்மையாக இருக்க வேண்டும் என்ற ஆசை உண்டு. கோலி சோடா குடித்து வளர்ந்தவன் நான்.

உளறலைச் சொல்ல ஆங்கிலேயர் ஏன் உணவின் பெயர்களை எடுக்கிறார்கள்?

கெட்டுப்போன, கலப்படமான, மட்டமான உணவின் பெயர்கள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். 'ஹாக்வாஷ்' என்றால் பன்றிக்கு ஊற்றும் கழுநீர். 'டிரைப்' என்றால் மாட்டின் இரைப்பை. 'பலோனி' என்பது இத்தாலியின் போலோன்யா நகரத்தின் பெயரைக் கொண்ட மலிவான தொத்திறைச்சி. 'பால்டர்டாஷ்' முதலில் நுரைத்த பானத்தையும், பிறகு பியரோடு பாலையோ ஒயினையோ சேர்த்த பொருந்தாக் கலவையையும் குறித்தது. பேச்சுக்கு அது வந்தது பதினேழாம் நூற்றாண்டில். 'டிரிவல்' உணவு இல்லை, ஆனால் அதுவும் வாய் தொடர்பானது. வாயில் எச்சில் ஒழுகுவது அதன் பழைய பொருள்.

காரணம் நமக்கும் தெரிந்ததே. வாய்க்குள் போவதையும் வாயிலிருந்து வருவதையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது எல்லா மக்களுக்கும் இயல்பு. "கொள்கையாவது கத்தரிக்காயாவது" என்கிறோம். பெரியார் 'வெங்காயம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார். உரித்துக்கொண்டே போனால் உள்ளே ஒன்றும் இருக்காது என்ற பொருள் அதில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. இந்த அளவு நுட்பம் 'பலோனி'யில் இல்லை என்பது என் கருத்து.

'ஹாக்வாஷ்' என்று எதைச் சொல்லலாம்? உண்மை போல ஒருவர் முன்வைக்கும் கூற்று பொய் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் சொல்லலாம். 'மூன்றே நாளில் சர்க்கரை நோய் போய்விடும்' என்ற விளம்பரம் ஹாக்வாஷ். சகிக்க முடியாத அசட்டுக் கவிதை 'டிரிவல்'. இரண்டையும் மாற்றிப்போட்டால் பொருந்தாது.

'ரப்பிஷ்' பிரிட்டிஷ் சொல்லா, அமெரிக்கச் சொல்லா?

இரண்டு நாட்டிலும் புரியும், ஆனால் அன்றாடப் பேச்சில் அது பிரிட்டனுக்கு உரியது. அங்கே குப்பை, உளறல், தரக்குறைவு மூன்றுக்கும் ரப்பிஷ்தான். "நான் சமையலில் ரப்பிஷ்" என்றுகூடச் சொல்வார்கள். சமைக்க வராது என்று பொருள். அமெரிக்கர் குப்பைக்கு 'கார்பேஜ்' அல்லது 'டிராஷ்' என்பார். உளறலுக்கும் 'கார்பேஜ்' என்பதுண்டு.

அமெரிக்கருக்கே உரிய இன்னொரு சொல் 'மலார்க்கி'. 1920-களிலிருந்து புழங்குகிறது. 2012-இல் துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில் எதிராளியின் பேச்சை ஜோ பைடன் "மலார்க்கி" என்றார். 2019-இல் அவருடைய பிரசாரப் பேருந்திலேயே 'நோ மலார்க்கி' என்று எழுதியிருந்தார்கள். பெரியவர்கள் வாயில் அது மென்மையாக ஒலிக்கும். இளைஞர் சொன்னால் தாத்தாவின் சட்டையைப் போட்டுக்கொண்டது போல் இருக்கும்.

பழைய நாவல்களில் வரும் 'ஹம்பக்', 'பாப்பிகாக்' போன்றவற்றை இன்று பயன்படுத்தலாமா?

பொருள் தெரிந்திருக்கட்டும், உங்கள் பேச்சில் வேண்டாம். 'பாப்பிகாக்', 'பால்டர்டாஷ்' இரண்டும் இன்று பாதி விளையாட்டாகவே ஒலிக்கும். கடுமையான புகாரில் அவற்றை எழுதினால் புகார் எடுபடாது.

'ஹம்பக்' கொஞ்சம் வேறு. உளறலோடு ஏமாற்றும் பாசாங்கும் அதில் கலந்திருக்கிறது. சார்லஸ் டிக்கன்ஸின் 1843-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் கதையில் கஞ்சன் ஸ்க்ரூஜ் அதைச் சொல்லும்போது, பண்டிகையை உளறல் என்று மட்டும் சொல்லவில்லை. எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதாக நடிக்கிறார்கள் என்றும் சேர்த்தே குற்றம்சாட்டுகிறான். மொழிபெயர்க்கும்போது 'உளறல்' என்று போட்டால் அவனுடைய வன்மம் காணாமல்போய்விடும். 'வேஷம்', 'பித்தலாட்டம்' ஆகிய சொற்கள் நெருங்கிவரும்.

'பாஷ்' என்ற சொல் 'பாஷை'யிலிருந்து வந்ததா?

இல்லை. துருக்கியில் 'போஷ்' என்றால் காலியானது. ஜேம்ஸ் மோரியர் துருக்கிப் பின்னணியில் எழுதி 1834-இல் வெளியிட்ட நாவலில் அது வந்தது, படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒலி ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாடுவது ஆபத்து என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

'நான்சென்ஸ்' இலக்கியம் என்றால் மட்டமான இலக்கியமா?

இல்லவே இல்லை. அங்கே அந்தச் சொல் பாராட்டு. ஆங்கில ஓவியரும் கவிஞருமான எட்வர்ட் லியர் 1846-இல் வெளியிட்ட பாட்டுத் தொகுப்பின் பெயரிலேயே 'நான்சென்ஸ்' இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் 1871-இல் வெளியிட்ட கதையில் உள்ள ஒரு பாட்டில் பல சொற்கள் அவரே உண்டாக்கியவை. ஆனால் இலக்கணம் துளியும் பிசகாது. அதனால்தான் யாரோ யாரையோ கொன்றுவிட்டார்கள் என்பது குழந்தைக்கும் புரிகிறது. அவர் உண்டாக்கிய 'சார்ட்டில்' இன்று அகராதியில் இருக்கிறது. கெக்கலித்துச் சிரிப்பது என்று பொருள்.

லியருக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. 1873 முதல் 1875 வரை அவர் இந்தியாவிலும் இலங்கையிலும் ஓவியம் தீட்டிக்கொண்டு சுற்றினார். அப்போது எழுதிய பாட்டொன்று 1874-இல் பம்பாயின் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்தது. அதில் ஒரு பெண் 'டோபி'யின்மேல் உட்கார்ந்து மாலை நட்சத்திரத்தைப் பார்க்கிறாள். 'பங்கா'க்கள் கடந்துபோகும்போது அவள் அழகைப் புகழ்கின்றன. கடைசியில் இடுப்பில் கட்டும் துணியான 'கமர்பந்த்' கொடிய விலங்காக வந்து அவளை விழுங்கிவிடுகிறது. டோபி சலவைத் தொழிலாளி, பங்கா விசிறி என்று அறியாத லண்டன் வாசகருக்கு அவை வெறும் இனிய ஒலிகள். நமக்கோ ஒவ்வொன்றும் பொருள் தெரிந்த சொல். நம்மால் அதை அவர்கள் படித்தது போலப் படிக்கவே முடியாது. ஒன்று உளறலா இல்லையா என்பதில் கேட்பவருக்கும் பாதிப் பங்கு உண்டு என்பதை இந்தப் பாட்டைக் காட்டித்தான் வகுப்பில் விளக்குகிறேன்.

அறிவியலிலும் இந்தச் சொல் வருகிறதே?

வருகிறது, வசையாக இல்லை. மரபணுவில் ஒரு எழுத்து மாறியதால் புரதம் கட்டும் வேலை நடுவழியில் நின்றுவிட்டால் அது 'நான்சென்ஸ் மியூட்டேஷன்'. உளவியலில், ஹெர்மன் எபிங்ஹவுஸ் நினைவாற்றலை அளக்கப் பொருளற்ற அசைகளை உண்டாக்கித் தாமே மனப்பாடம் செய்து, முடிவுகளை 1885-இல் வெளியிட்டார். அவையும் 'நான்சென்ஸ்' அசைகளே. இந்த இடங்களில் 'பொருளற்ற' என்று மொழிபெயர்ப்பதே சரி. 'உளறல்' என்றால் அபத்தமாகிவிடும்.

'நோ-நான்சென்ஸ்' ஆசிரியர் என்றால்?

பாராட்டு. வளவளப்பு இல்லாமல், சொன்னதைச் செய்து, வேலையில் கண்ணாக இருப்பவர்.

மாட்டுச் சாணத்தைச் சொல்லும் அந்தக் கொச்சைச் சொல் படங்களில் நிறைய வருகிறது. அதற்கும் பொய்க்கும் என்ன வேறுபாடு?

'புல்ஷிட்' என்பது கொச்சைதான். நேர்காணலிலும் கடிதத்திலும் வேண்டாம். ஆனால் அதை ஒரு தத்துவ அறிஞர் ஆராய்ந்திருக்கிறார். அமெரிக்கரான ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1986-இல் எழுதிய கட்டுரை 2005-இல் சிறு நூலாக வந்து பரவலாக விற்றது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்று தெரியும், அதை மறைக்கப் பாடுபடுகிறான். புல்ஷிட் பேசுகிறவனுக்கு உண்மையா பொய்யா என்ற கவலையே கிடையாது. அந்த நேரத்துக்கு எடுபட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே உண்மைக்குப் பெரிய எதிரி இவனே என்பது அவருடைய வாதம். நான் அதை முழுமனத்தோடு ஏற்கிறேன். இந்த வகைப் பேச்சுக்குத் தமிழில் 'பம்மாத்து', 'வாய்ச்சவடால்' என்ற சொற்கள் இருக்கின்றன. அவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

மொழிபெயர்ப்பில் எல்லாவற்றுக்கும் 'முட்டாள்தனம்' என்று போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 'முட்டாள்தனம்' ஆளின் அறிவைத் தாக்குகிறது. மேலே பார்த்த சொற்களில் பெரும்பாலானவை பேச்சைத்தான் தாக்குகின்றன. இந்த வேறுபாடு நமக்குப் புதிதும் இல்லை. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் அடுக்கும்போது மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், நின்று பயன் இன்மை என்று ஒவ்வொரு குறைக்கும் தனிப்பெயர் கொடுக்கிறது. காபிள்டிகுக்கை மயங்க வைத்தலில் அடக்கலாம். பங்க்கம் வெற்றெனத் தொடுத்தல். ஃபீலிக்ஸ் வாக்கரின் உரைக்கு மற்றொன்று விரித்தலும் பொருந்தும். வள்ளுவர் மட்டும் ஒரு குறளில் பேச்சை விட்டு ஆளையே பிடித்துக்கொள்கிறார். பயனில்லாத சொல்லைப் பாராட்டுகிறவனை மகன் என்னாதே, 'மக்கட் பதடி' என்று சொல் என்கிறார். பதடி என்றால் பதர். அந்தக் கடுமைக்கு ஈடான ஒன்று ஆங்கிலத்தில் எனக்கு அகப்படவில்லை.

இன்னொரு எடுத்துக்காட்டு. பிரெஞ்சுப் புரட்சியின் உரிமைப் பிரகடனம் பேசிய 'இயற்கை உரிமை'களை ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் 'நான்சென்ஸ்' என்றார். பறிக்கவே முடியாத இயற்கை உரிமைகளை, கட்டைக்கால் கட்டிக்கொண்டு நிற்கும் நான்சென்ஸ் என்றார். 'மாபெரும் முட்டாள்தனம்' என்று ஒரு மாணவி மொழிபெயர்த்துவந்தார். 'பொய்க்கால் கட்டிய பேச்சு' என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். கட்டைக்காலைப் பொய்க்கால் என்பதே நம் வழக்கம். உயரமும் பொய், கால்களும் பொய் என்ற இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிட்டன. பெந்தமின் கருத்தை நான் ஏற்கவில்லை, உரிமைகள் வெறும் பேச்சு இல்லை. ஆனால் அவர் சொன்னதை அவர் சொன்ன கூர்மையோடு கொண்டுவருவது மொழிபெயர்ப்பாளரின் கடமை.

ஒருவர் என் கருத்தை 'நான்சென்ஸ்' என்று சொல்லிவிட்டால் என்ன பதில் சொல்வது?

"விச் பார்ட்?" என்று கேளுங்கள். 'எந்தப் பகுதி?' அவ்வளவுதான். குரலை உயர்த்த வேண்டாம். தீர்ப்பு எழுதியவரைக் காரணம் சொல்ல வைக்கும் கேள்வி அது. உண்மையான குறை இருந்தால் அவர் காட்டுவார், நீங்கள் திருத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

திருப்பூர் மாணவரின் மேலாளர் பிறகு பையருக்கு எழுதிய கடிதத்தை அந்த மாணவர் என்னிடம் காட்டினார். அதில் மூன்றே வரிகள் இருந்தன. லேப் டிப் அனுப்பிய தேதி, ஒப்புதல் வந்த தேதி, 'இந்த இடைவெளியில் பிடித்தம் எப்படிப் பொருந்தும் என்று விளக்க முடியுமா?' என்ற கேள்வி. பிடித்தத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.